நரிக்காட்டைத் தின்ற மோட்டார்

"நான் எவன்கிட்டயும் கை கட்டி நின்னதில்லமே!"

காலையில் கூழ் குடிக்கும்போது என் வீட்டுக்காரர் இதை ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் சட்டியைக் கீழே வைப்பார். சாயங்காலம் கால் கழுவும்போது இன்னொரு தரம் சொல்வார். அவரைக் கை கட்டி நிற்கச் சொல்லி யாராவது வந்து கெஞ்சியதாக எனக்கு நினைவில்லை. நரி பிடிக்கிறவனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொள்ள எவனுக்கு ஆசை வரும்? பத்தடி தள்ளி நின்றாலே நாறும். ஆனாலும் அந்தப் பெருமையை அவர் விட்டதில்லை. அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டைக்குத் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி அப்போது பெரிய கருவேலங்காடு இருந்தது. அந்தக் காட்டில் பொறி வைத்து நரியும் கீரியும் பிடித்து, தோலை விற்றுப் பிழைத்த வீடுகள் ஆறு. அதில் ஒன்று எங்களுடையது. பொறி வைப்பதும் பிடிப்பதும் அவர் வேலை. உரிப்பது, சதை போகச் சுரண்டுவது, உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது, மூங்கில் சிம்பில் இழுத்துக் கட்டி நிழலில் காயவைப்பது எல்லாம் என் தலையில். இது போதாதென்று நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்துத் தொலைத்திருந்தேன். அதனால் ஆறு வீட்டுக்கும் வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்வதும் என் பாடுதான்.

எங்கள் தோல் பட்டணத்தில் தோல் மண்டிகள் இருக்கிற பெரியமேட்டுக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறும். சீமையில் துரைசாணிகள் நரித்தோலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விருந்துக்குப் போவார்கள் என்று தோல் முதலாளி சொல்வார். நான் நம்பவே இல்லை. அந்த நாற்றத்தை எட்டு நாள் தேய்த்துத் தேய்த்துப் போக்குகிறவள் நான். அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவள் மகாராணியாகவே இருக்கட்டும், அவளுக்கு மூக்கில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

பதினைந்து நாளைக்கு ஒரு திங்கட்கிழமை அந்த முதலாளி மோட்டாரில் வருவார். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் தோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டு போவார். என் வீட்டுக்காரர் பிறந்ததே அந்தத் திங்கட்கிழமைகளுக்காகத்தான். முதலாளி வேர்க்க விறுவிறுக்க நிற்பார். இவர் கல்லில் கால்மேல் கால் போட்டுக் குந்தியிருப்பார்.

"இன்னாப்பா இது, இந்த ஊரு நரிக்கு மயிரே கெடையாது? கொசு வலையாட்டம் கீது!"

"புடிக்கலன்னா வண்டிய எட்த்துகினு போய்கினே இரு முதலாளி."

உடனே முதலாளிக்கு ரோஷம் வந்துவிடும். தொப்பென்று மோட்டாரில் ஏறி உட்காருவார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு தெருக்கோடிப் புளியமரம் வரைக்கும் போகும். அங்கே நிற்கும். பிறகு அப்படியே பின்னால் நகர்ந்து எங்கள் வாசலுக்கே வந்து சேரும். முதலாளி இறங்கி, இவர் சொன்ன விலைக்கு அரைக்கால் பங்கு குறைத்துக் கேட்பார். இவரும் கொடுத்துவிடுவார். ஒரு தடவைகூட வண்டி புளியமரத்தைத் தாண்டிப் போனதில்லை. போகாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் அந்தக் கூத்து இல்லாமல் ஒரு தோல் கை மாறியது கிடையாது. அன்றைக்கெல்லாம் என் வீட்டுக்காரர் நரி முகத்தில் விழித்தவர்போல ஒரே பூரிப்பாக இருப்பார். தினமும் நரி முகத்தில்தானே விழிக்கிறார், அப்புறம் என்ன தனியாக ஒரு பூரிப்பு என்று நான் கேட்பேன்.

அப்புறம் சண்டை வந்தது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்டால் எங்கள் ஏரிக்கரையில் என்ன ஆகிவிடும் என்று இருந்தோம். முதலில் மாறியது புளியமரக் கூத்துதான். ஒரு திங்கட்கிழமை முதலாளிக்கு வழக்கம்போல ரோஷம் வந்தது. ஆனால் மோட்டாரில் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புளியமரம் வரைக்கும் நடந்தே போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். நடந்தே திரும்பி வந்தார்.

"இன்னா முதலாளி, வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டேன்.

"பெட்ரோலு விக்கிற வெலயில சொம்மா கோச்சிகினு போவ முடியுமாம்மா?" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் நியாயமாகத்தான் பேசினார். கோபத்தைக்கூட சிக்கனமாக வைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெட்ரோல் விலையை எங்கள் தோலிலிருந்துதான் கழித்தார். வருகிறபோதெல்லாம் பெட்ரோல் புராணம். கப்பலைக் கடலில் மூழ்கடிக்கிறார்களாம், எண்ணெயே வருவதில்லையாம், சர்க்கார் கூப்பன் கொடுத்தால்தான் உண்டாம்.

"நரி இன்னா பெட்ரோலா குடிக்கிது? அது பொறியில வச்ச கருவாட்டுக்கு எங்க ஊட்டாண்ட நடந்தே வருது. அது வெலய ஏன் கொறைக்கிற?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"நரி நடந்து வரும், நான் நடந்து வருவனா?" என்றார் முதலாளி.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்தவர் மாதத்துக்கு ஒரு முறை என்று ஆனார். பிறகு இரண்டு மாதம் ஆளையே காணோம். கடிதம் மட்டும் வந்தது. கூப்பன் கிடைக்கவில்லை, தோலை நீங்களே கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தார். கடிதம் எழுதப் பெட்ரோல் வேண்டாம் பாருங்கள். இங்கே காய்ந்த தோலில் வண்டு விழ ஆரம்பித்திருந்தது.

மாட்டு வண்டியில் ஏற்றலாம் என்றால் மாடு ஒத்துக்கொள்ளவில்லை. நரி வாடை பட்டதும் நுகத்தடியை முறித்துக்கொண்டு ஓடியது. சரி, ரயில் இருக்கிறதே என்று ஆவடி ஸ்டேஷனில் டிக்கெட்டு வாங்கி மூட்டையோடு ஏறினார் என் வீட்டுக்காரர். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர், "இன்னாப்பா, மூட்டைக்குள்ள எதுனா செத்துப் போயிருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இந்த மகானுக்குப் பொய் சொல்ல வருமா? "ஆமா. ஏளு நரி" என்று சொல்லியிருக்கிறார். அம்பத்தூரில் மூட்டையையும் ஆளையும் சேர்த்துப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார்கள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். கையில் அரைகுறையாகக் கிழித்த டிக்கெட்டு இருந்தது.

இரண்டு நாள் கழித்து அதே மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரியமேட்டுக்கே நடந்து போனார். இருட்டு பிரிகிறபோது கிளம்பியவர் ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். கொண்டுபோன தோலுக்குப் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் என் புத்தியைக் காட்டினேன்.

"ஏய்யா, கோச்சிகினு புளியமரம் வரிக்கும் போய்ட்டு வரலாமில்ல?" என்றேன்.

"போனேன்மே" என்றார். "மூட்டைய தூக்கிகினு தெரு மொன வரிக்கும் போனேன். ரொம்ப நேரம் நின்னேன். யாரும் கூப்டல."

அவர் அங்கே வெயிலில் மூட்டையோடு நின்று திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது. தோல் வாங்குகிறவன் நம் வாசலுக்கு வந்தால் நாம் கால்மேல் கால் போடலாம். அவன் வாசலுக்கு நாம் போனால் இந்த மூட்டையைத் திரும்பச் சுமந்துகொண்டு போக மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். பெட்ரோல் விலை ஏறியதில் எங்கள் வீட்டில் நிஜமாக விலை போனது அந்தக் கால்தான்.

அந்தச் சமயத்தில் என் தம்பி பட்டாளத்து முகாமில் கூலி வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆவடிப் பக்கம் பொட்டல், புதர் என்று பார்க்காமல் ஒரேயடியாக முள்கம்பி வேலி போட்டு முகாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். காக்கி அரை டிரவுசரைப் போட்டுக்கொண்டு வந்து அவன் கூப்பிட்டான்.

"மாமே, அங்க வந்துடு. மாசம் பொறந்தா சம்பளம். பெட்ரோலு பெட்ரோலுன்னு பொலம்பிகினு கீறியே, அங்க வந்து பாரு. பீப்பா பீப்பாவா அடுக்கி வச்சிகீறான். லாரி ரிப்பேர் பண்றவன் பெட்ரோல்லதான் கை கழுவறான்!"

"போடா டிரவுசரு! ஒரு வெள்ளக்காரனுக்கு சலாம் போட்டுகினு நிக்க சொல்றியா என்ன? நான் எவன்கிட்டயும்..."

மீதியை நானும் தம்பியும் சேர்ந்தே சொல்லி முடித்தோம்.

மறு மாதமே முதலாளி மோட்டாரில் வந்து இறங்கினார். மோட்டாருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கொப்பரை! ஊர் நாய்கள் எல்லாம் குரைக்கப் பயந்து ஓடிவிட்டன. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி போட்டு மூட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுகிறார்களாம். முகமெல்லாம் மசி அப்பி, அடுப்படியிலிருந்து தப்பி வந்தவர்போல இருந்தார் முதலாளி. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இனிமே பெட்ரோலு பேஜாரே இல்ல. ஆனா கரி வெலயும் ஏறிகினு கீது. தோலோட ஒரு மூட்டை கரியும் குடுத்தீங்கன்னா பழையபடி பதினஞ்சு நாளிக்கு ஒருக்கா வந்துடறேன். பழைய வெல" என்றார்.

கரிக்கு எங்கே போவது என்று என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். நான்தான் காட்டைப் பார்த்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆறு வீட்டுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் கருவேலங்காட்டுக்குள் அரிவாள் நுழையக் கூடாது. அடுப்பெரிக்கக்கூட ஒரு கிளையை வெட்ட மாட்டோம். தானாக விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம், இல்லாவிட்டால் வரட்டி தட்ட வேண்டியதுதான். மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் நரி குட்டி போட்டு வளர்க்கிற காலம். அப்போது பொறியும் வைக்க மாட்டோம். எல்லையம்மன் கோபித்துக்கொள்வாள் என்பார்கள். அம்மன் கோபிக்கிறாளோ இல்லையோ, முள் மறைப்பு இல்லாத இடத்தில் நரி வளை தோண்டாது. இது அந்தக் காட்டில் பிழைத்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்தே சொன்னேன். "ஒரு ஓரமா ரெண்டு மரம் வெட்டி கரி மூட்டம் போடுய்யா. ரெண்டு மரத்துல இன்னா ஆய்டும்?"

"அரிவா எட்த்துகினு உள்ள போவக் கூடாதுமே."

"ஆமாமா! அம்மன் வந்து உன்ன பெரியமேட்டுக்கு தூக்கிகினு போவா. தெரு மொனையில நிக்க போறியா, கல்லு மேல குந்த போறியா?"

அந்தத் தெருமுனையை நான் இழுத்திருக்கக் கூடாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து அரிவாளைத் தீட்டினார். கணவன் ரோஷத்தைக் கிளப்பிவிட எனக்கு எவனும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த யோசனை சொன்ன மகராசி நான்தான் என்று இப்போது சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது.

இரண்டு மரம் வெட்டி, மண் பூசி மூட்டம் போட்டு, ஒரு மூட்டை கரி எடுத்தோம். முதலாளி சொன்னபடி வந்தார். பழைய விலை, பழைய கூத்து. கரிவண்டியைக் கிளப்ப, கொப்பரையில் நெருப்புப் பிடிக்க அரைமணி நேரம் விசிறியைச் சுற்ற வேண்டும் என்பதால் கோபித்துக்கொண்டு கிளம்புவது மட்டும் கொஞ்சம் சிரமமாகப் போயிற்று. முதலாளி ரோஷப்பட்டு ஏறி உட்கார்ந்துகொள்வார். என் வீட்டுக்காரரே பின்னால் போய் வேர்த்து விறுவிறுத்து விசிறியைச் சுற்றிக் கிளப்பிவிட்டு, ஓடிவந்து கல்லில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். வண்டி புளியமரம் வரைக்கும் போய் இருமிவிட்டு வரும். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அவர் மறுபடியும் கூழ்ச்சட்டியைக் கீழே வைக்கும்போது தன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். எனக்கு அது போதும் என்று இருந்தது.

எங்களைப் பார்த்து மற்ற ஐந்து வீடுகளும் வெட்டின. ஒரு மூட்டை கேட்ட முதலாளி இரண்டு கேட்டார், பிறகு நாலு கேட்டார். பட்டணத்தில் எல்லா மோட்டாரும் பஸ்ஸும் கரி தின்கின்றன என்றார். பூந்தமல்லியிலிருந்து வேறு ஆட்கள் தேடி வந்தார்கள். காடு ஓரத்திலிருந்து வழுக்கை விழுந்துகொண்டே உள்ளே போயிற்று. ஒரு வருஷத்தில் இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் மாடு மேய்வது தெரிந்தது. பொறியில் முதலில் நரி குறைந்தது. பிறகு கீரி மட்டும் விழுந்தது. பிறகு எங்கள் பக்கத்து வீட்டுப் பூனை விழுந்தது. அதற்காக ஒரு நாள் முழுக்க நான் திட்டு வாங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி வந்தபோது கரி நாலு மூட்டை இருந்தது. தோல் ஒன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முதலாளி அவர் முதுகில் தட்டினார்.

"அத்த வுடுப்பா. தோலுக்கு இப்போ கப்பலே கெடையாது. நானே கரி யாவாரத்துக்கு வந்துட்டேன்."

எங்கள் தோலைக் கொண்டுபோகத்தானே அந்த மோட்டார் வந்தது! அது ஓடுவதற்காக நாங்கள் காட்டை வெட்டினோம். இப்போது தோல் வேண்டாமாம், வெட்டிய காடு மட்டும் வேண்டுமாம். அட பாவி மனுஷா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அரிவாளைத் தீட்டச் சொன்னவள் யார்? மிச்சம் இருந்த மரமும் முடிந்ததும் முதலாளி வேப்பம்பட்டுப் பக்கம் போய்விட்டார். அங்கே இன்னும் மரம் இருந்ததாம். எங்கள் தெருவுக்கு அந்த மோட்டார் மறுபடி வரவில்லை.

என் வீட்டுக்காரர் முகாமுக்குப் போனார். தம்பி கொடுத்த பழைய டிரவுசரைப் போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் போனார். பெட்ரோல் பீப்பாய்கள் அடுக்கிய கொட்டகைப் பக்கம் பெருக்கி, புல் செதுக்குகிற வேலை. நாற்பது பீப்பாயையும் துடைத்து வைக்க வேண்டும் என்று சொன்னார். எங்கள் வீட்டில் அந்த எண்ணெயின் பேரைச் சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். அவர் அதன் பக்கத்திலேயே நின்று சம்பளம் வாங்கினார்.

ஒரு நாள் வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மே, நரிங்க எல்லாம் அங்க கீதுமே! வேலிக்குள்ள முள்ளுபொதர எவனும் வெட்டல. மொத்தமும் அங்க போய் குந்திகினு கீது. நான் வளைய பாத்தேன்!"

எங்கள் நரிகளுக்குக்கூட எங்களைவிடப் புத்தி இருந்திருக்கிறது. மார்கழி வந்தது. நரித்தோல் அடர்ந்து பளபளவென்று இருக்கிற மாதம் அது. முகாமில் சமையல்காரன் ஒருவனை நரி கடித்துவிட்டதாம். வெறி பிடித்த நரியாக இருக்கும் என்று எல்லாருக்கும் பயம். நரி பிடிக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டபோது தம்பி மாமனைக் கை காட்டியிருக்கிறான். முகாம் துரையே ஆள் விட்டுக் கூப்பிட்டானாம்.

அன்றைக்கு அவர் வந்து பரணிலிருந்து பொறிகளை இறக்கியதைப் பார்க்க வேண்டும்! துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். சீட்டி வேறு அடித்தார்.

"அவன் கூப்ட்டான்மே. நானா போய் நிக்கல, அவனா கூப்ட்டான்."

நானும் சும்மா இருக்கவில்லை. உப்பு வாங்கினேன், சாம்பல் சலித்தேன், சுரண்டுகத்தியைத் தீட்டினேன். மூங்கில் வாங்கி ஏழெட்டுச் சிம்பு சீவி வைத்தேன். பெரியமேட்டில் வேறொரு தோல்காரருக்குக் கடிதம்கூட எழுதினேன். மார்கழித் தோல், வந்து பாருங்கள் என்று எழுதினேன். கல்லைக் கழுவி வைத்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். கழுவித்தான் வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வெறும் கையோடு வந்தார். பொறியும் இல்லை, தோலும் இல்லை. கிட்டே வந்ததும் நரி வாடையோடு இன்னொரு வாடையும் அடித்தது.

"எத்தினி வுழுந்துது?"

"ஏளு. ஒவ்வொண்ணும் அப்டி கீதுமே, கைய வச்சா முடிக்குள்ள வெரலு தெரியல."

"தோலு எங்கய்யா?"

அவர் குடத்தடியில் போய் உட்கார்ந்தார்.

"சீக்கு புடிச்ச நரி, தோலெல்லாம் வெளிய போவக் கூடாதுன்னுட்டான். நான் கேட்டேன்மே. ஒண்ணே ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன். குழி தோண்டி பொறியோட எல்லாத்தையும் போட சொன்னான். ஒரு டின்னு பெட்ரோல என் கையில குடுத்து ஊத்துன்னான்."

"முழு டின்னா?"

"முழு டின்னு. போறாதுன்னு இன்னொரு டின்னு."

ஒரு டின் இருந்தால் அந்த மோட்டார் பெரியமேட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்து, புளியமரம் வரைக்கும் கோபித்துக்கொண்டு போய், திரும்ப வந்து, ஊரும் போய்ச் சேர்ந்திருக்கும். சொம்பில் தண்ணீரும் ஒரு பிடி சாம்பலும் எடுத்துக்கொண்டு போய் அவர் கையை நானே பிடித்துத் தேய்த்தேன்.

"எரிஞ்சி முடியற வரிக்கும் அங்கியே இருக்க சொன்னான்" என்றார். "கை கட்டிகினு நின்னேன்மே."

மறுநாள் காலையில் கூழைக் குடித்தார், சட்டியைக் கீழே வைத்தார், வேலைக்குப் போனார். அதற்கப்புறம் கூழ் குடிக்கும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை.